ரெகுலேட்டருக்கு முன்னால், ரெகுலேட்டருக்குப் பின்னால்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பாதுகாப்புக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



சமீபத்தில் நம் குடியிருப்பில் சில வீட்டுக்காரர்கள் சங்கத்திடம் ஒரே மாதிரியான அனுமதி கேட்டிருக்கிறார்கள். சமையல் மேடைக்கு அடியில் இருக்கும் கேஸ் சிலிண்டரை எடுத்து யூட்டிலிட்டி பால்கனியில் வைக்க வேண்டும், அதற்காகச் சுவரில் ஒரு துளை போட வேண்டும் என்கிறார்கள். மாடுலர் கிச்சன் செய்கிறவர்களும் இதைத்தான் யோசனையாகச் சொல்கிறார்கள். மேடைக்கு அடியில் இடம் மிச்சமாகும், கரப்பான் தொல்லை குறையும், வீட்டுக்குள் கேஸ் கசியும் பயமும் இருக்காது என்று காரணம் சொல்கிறார்கள்.

யோசனை நல்லதுதான், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் "வெளியே வைத்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை" என்று ஒரு நினைப்பு கூடவே வருகிறது பாருங்கள், அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

போன கூட்டத்தில் ஒரு நண்பர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "அமெரிக்காவில் என் மகன் விடுமுறைக்கு ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்திருந்தான். வண்டிக்கு வெளியே தரையில் ஒரு சிலிண்டரை நிறுத்தினான், ஒரு டியூபை மாட்டினான், உள்ளே அடுப்பு எரிந்தது. ஐந்து நிமிட வேலை. நாம் மட்டும் ஏன் இதற்கு இவ்வளவு யோசிக்கிறோம்?" என்றார். அந்தக் கேள்விக்கான பதிலிலேயே நமக்கு வேண்டியதும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பதினைந்து மாடியும் ஒரு அடி ஸ்கேலும்

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கும் அடுப்புக்கும் இடையில் கேஸ் இரண்டு வெவ்வேறு அழுத்தங்களில் இருக்கிறது. அந்த இரண்டையும் பிரித்து வைப்பது ரெகுலேட்டர்.

நம் சிலிண்டரில் இருப்பது ப்ரொபேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. அழுத்தத்தால் அது திரவமாக இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5 கிலோ அளவில் இருக்கும், கோடையில் இன்னும் ஏறும். இதை நமக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கீழே வரும் குழாயில் அழுத்தம் இருக்கிறதல்லவா? 5 கிலோ அழுத்தம் வேண்டுமென்றால் அந்தத் தொட்டி 50 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது பதினைந்து, பதினாறு மாடிக் கட்டடம்.

ரெகுலேட்டருக்குப் பின்னால், அடுப்புக்குப் போகும் டியூபில் இருக்கும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். தண்ணீர்க் கணக்கில் 30 சென்டிமீட்டர். பிள்ளைகளின் ஜியோமெட்ரி ஸ்கேல் நீளம், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் பதினைந்து மாடி, மறுபக்கம் ஒரு ஸ்கேல். உங்கள் அடுப்பும் அதன் குமிழ்களும் ஸ்கேல் அளவு அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. பதினைந்து மாடி அழுத்தம் அங்கே போனால் தாங்காது. இதனால்தான் கேஸ் இணைப்பில் எந்த வேலை செய்வதற்கு முன்பும், "நான் கை வைக்கும் இடம் ரெகுலேட்டருக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மோட்டார்ஹோமில் என்ன நடக்கிறது?

இப்போது நண்பரின் மகன் செய்த ஐந்து நிமிட வேலைக்கு வருவோம்.

மோட்டார்ஹோம் என்பது ஓடும் வீடு. அதில் அடுப்பு, வெந்நீர்க் கலன், குளிருக்கான ஹீட்டர், பல வண்டிகளில் ஃப்ரிட்ஜ்கூட ப்ரொபேனில் ஓடும். அங்கே பியூட்டேன் கலப்பதில்லை. பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்யம் டிகிரிக் குளிரிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ப்ரொபேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பனி பெய்யும் நாட்டில் அதுதான் உதவும்.

ப்ரொபேன் தொட்டி வண்டியின் அடிப்பகுதியில், ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வெளியே போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். ஒரே இடத்தில் இரண்டு வாரம் முகாம் போட்டால் கேஸ் தீர்ந்துவிடும். நிரப்புவதற்காக மொத்த வீட்டையும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கத்தான் வெளியே ஒரு சிறு சிலிண்டரை இணைக்கிறார்கள்.

எங்கே இணைக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். வண்டித் தொட்டியின் வால்வுக்கும் வண்டியின் ரெகுலேட்டருக்கும் நடுவில், டி வடிவ இணைப்பு ஒன்று முன்கூட்டியே பொருத்தப்பட்டிருக்கும். வெளிச் சிலிண்டரின் டியூப் அந்த இடத்தில் சேரும். ஆக, அது ரெகுலேட்டருக்கு முன்னால். அதனால் அந்த டியூப் சாதாரண டியூப் அல்ல, சிலிண்டரின் முழு அழுத்தத்தையும் தாங்கும்படி செய்யப்பட்டது. வெளிச் சிலிண்டரிலிருந்து வரும் கேஸும் வண்டியின் ரெகுலேட்டர் வழியாகத்தான் உள்ளே போகும். ரெகுலேட்டரைத் தாண்டி உள்ளே போகும் அழுத்தம் 11 அங்குலத் தண்ணீர் அளவு, அதாவது 28 சென்டிமீட்டர். பாருங்கள், அங்கேயும் ஏறக்குறைய அதே ஸ்கேல்தான்!

பல வண்டிகளில் வெளிப்பக்கம் இன்னொரு இணைப்புத் துவாரமும் இருக்கும். வண்டிக்கு வெளியே வைத்துச் சமைக்கும் கிரில் அடுப்புக்காக வைத்தது அது. அது ரெகுலேட்டருக்குப் பின்னால் இருக்கிறது. விவரம் தெரியாமல் ஒருவர் சிலிண்டரை நேராக அதில் மாட்டினால், பதினைந்து மாடி அழுத்தம் வண்டிக்குள் இருக்கும் குழாய்களுக்கும் அடுப்புக்கும் போய்விடும். இரண்டு துவாரங்களும் பக்கத்துப் பக்கத்தில்கூட இருக்கலாம். ஒன்று சரி, மற்றது ஆபத்து.

ஆகவே, ஐந்து நிமிடத்தில் மகன் செய்தது கடைசி வேலை மட்டும்தான். டி இணைப்பு, டியூப், ரெகுலேட்டர் எல்லாம் எங்கே இருக்க வேண்டும் என்பதை யோசித்து முன்பே பொருத்தி வைத்திருக்கிறார்கள். வண்டிக்குள் தரையை ஒட்டி ஒரு கேஸ் டிடெக்டரும் வைத்திருப்பார்கள். அது ஏன் தரையை ஒட்டி என்பதற்கு இப்போது வருகிறேன்.

"வெளியே" என்றால் எது?

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. ப்ரொபேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது. தண்ணீர் போலத் தரையில் பரவி, பள்ளம் தேடிப் போய்த் தங்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். காற்றில் சுமார் 2 சதவீதம் எல்பிஜி கலந்தாலே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். 8 அடிக்கு 7 அடி, 10 அடி உயரமுள்ள ஒரு சமையலறையில் ஏறக்குறைய 16,000 லிட்டர் காற்று இருக்கிறது. அதில் 2 சதவீதம் 320 லிட்டர். ஒரு லிட்டர் திரவ எல்பிஜி ஆவியானால் சுமார் 250 லிட்டர் வாயு. அப்படியென்றால் முக்கால் கிலோ கேஸ் கசிந்தாலே அந்த அறை முழுவதும் பற்றும் நிலைக்கு வந்துவிடும். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. தரையை ஒட்டிய பகுதி அந்த நிலைக்கு வருவதற்கு முக்கால் கிலோகூடத் தேவையில்லை.

இதை வைத்து நம் யூட்டிலிட்டி பால்கனியைப் பாருங்கள். கட்டியபோது அது வெளியே இருந்தது. இப்போது? கொசுவுக்காக வலை போட்டோம், மழைச் சாரலுக்காக யூபிவிசி ஜன்னல் போட்டோம், கீழே கைப்பிடிச் சுவர் முன்பே இருக்கிறது. ஜன்னலை மூடினால் அது ஒரு அறை. அந்த அறைக்குள் வாஷிங் மெஷின், அதன் பிளக், சில வீடுகளில் இன்வர்ட்டர். தரையில் தண்ணீர் போகும் ஜாலி. பல நாள் தண்ணீர் ஊற்றாமல் அந்த ஜாலி காய்ந்து கிடந்தால், கசிந்த கேஸ் அதன் வழியே வடிகால் குழாய்க்குள்ளும் போகும்.

சமையலறையில் கசிந்தால் மூக்குக்காவது தெரியும். மூடிய பால்கனியில் கசிந்தால், கதவையும் மூடி வைத்திருந்தால், வாஷிங் மெஷின் ஸ்விட்சைப் போடும்வரை தெரியாது. ஆகவே நாம் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் இதுதான்: தரை மட்டத்திலேயே காற்று வெளியே போக வழி இருந்தால்தான் அது "வெளியே". தலை உயரத்தில் ஜன்னல் திறந்திருப்பது போதாது. கைப்பிடிச் சுவர் முழுவதும் கட்டியிருந்தால், அதன் அடியில் திறப்பு இருக்க வேண்டும். சிலிண்டருக்கு மரத்தில் பெட்டி செய்து அழகாக மூடி வைக்கிறவர்களுக்கும் இதே விதிதான். பெட்டியின் அடியிலும் மேலேயும் காற்றுத் துளைகள் வேண்டும்.

தனி வீட்டுக்காரர்களுக்கு இல்லாத ஒரு பொறுப்பும் நமக்கு உண்டு. நான்காவது மாடிப் பால்கனியில் கசியும் கேஸ் கீழேதான் இறங்கும். மூன்றாவது மாடிக்காரர் தன் பால்கனியில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கலாம். என் சிலிண்டர் என் வீட்டு விஷயம் மட்டும் அல்ல.

இதே காரணத்தால்தான் பேஸ்மென்ட் கார் பார்க்கிங்கில், ஸ்டோர் ரூமில் யாரும் சிலிண்டர் வைக்கக் கூடாது என்கிறோம். காலி சிலிண்டரும் கூடாது. "காலி" என்று நாம் சொல்வதிலும் கொஞ்சம் கேஸ் இருக்கும்.

சுவரைத் தாண்டுவது எது?

மோட்டார்ஹோமில் பார்த்ததுதான் இங்கேயும் விதி. அதிக அழுத்தம் வெளியே நிற்க வேண்டும், குறைந்த அழுத்தம் மட்டும் உள்ளே வர வேண்டும். ரெகுலேட்டர் சிலிண்டர் தலையிலேயே, பால்கனியில் இருக்கும். சரியான அமைப்பு இப்படி வரிசையாக இருக்கும்:

1. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்கு வரும்.

2. அதன் மேல் கேஸ் ஏஜென்சி கொடுத்த வீட்டு உபயோக ரெகுலேட்டர். ஹோட்டல் பர்னருக்கான ஹை பிரஷர் ரெகுலேட்டரை "தீ நன்றாக வரும்" என்று வீட்டில் மாட்டக் கூடாது. அது மோட்டார்ஹோமில் தவறான துவாரத்தில் சொருகுவதற்குச் சமம்.

3. ரெகுலேட்டரிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரையுள்ள சுரக்ஷா டியூப், அதிகபட்சம் ஒன்றரை மீட்டர். அது சுவரில் பொருத்திய செம்புக் குழாயில் சேரும்.

4. சுவரைத் தாண்டுவது செம்புக் குழாய் மட்டுமே. ரப்பர் டியூப் எந்தக் காரணத்துக்காகவும் சுவருக்குள் போகக் கூடாது. உள்ளே வெடித்தாலும், எலி கடித்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. துளைக்குள் முதலில் ஒரு பெரிய குழாயை உறையாகப் பதித்து, அதனுள் செம்புக் குழாயை விட்டு, இடைவெளியை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே கசிந்த கேஸ் அந்த இடைவெளி வழியாகவே உள்ளே வரும்.

5. சமையலறைக்குள், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பால் வால்வு. அதன்பின் அடுப்புக்கு மீண்டும் ஒரு சுரக்ஷா டியூப்.

செம்புக் குழாய் கண்ணுக்குத் தெரியும்படி சுவர் மேல் ஓட வேண்டும். அலமாரிக்குப் பின்னால், ஃபால்ஸ் சீலிங்குக்குள், பொதுவான பிளம்பிங் டக்டுக்குள் ஓடக் கூடாது. குழாய் நீளமாக இருந்தால் தீ மந்தமாகலாம். அதற்குத் தீர்வு ரெகுலேட்டரை மாற்றுவதோ அடுப்பு ஜெட்டைக் குத்திப் பெரிதாக்குவதோ அல்ல. குழாயின் அளவை ஏஜென்சி மெக்கானிக் கணக்கிட்டுப் போட வேண்டும். கிச்சன் வேலைக்கு வந்த கார்பென்டரோ, குடிநீர்க் குழாய் போடும் பிளம்பரோ செய்யும் வேலை அல்ல இது.

சுரக்ஷா டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெயில் படும் பால்கனியில் இருப்பதை அடிக்கடி வளைத்துப் பாருங்கள். வெடிப்புக் கோடு தெரிந்தால் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டாம்.

சிலிண்டர் வந்ததும் அதன் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்பக்கம் பாருங்கள். ஆங்கில எழுத்தில் ஏ, பி, சி, டி என்று ஒன்றும், கூடவே ஆண்டும் இருக்கும். அது சிலிண்டரை மறுபரிசோதனை செய்ய வேண்டிய காலாண்டு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படியே டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலம் தாண்டிய சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்பலாம்.

வெளியே போனதும் மறந்துபோவது

சிலிண்டர் மேடைக்கு அடியில் இருந்தபோது பல வீடுகளில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. இரவு சமையலறையைத் துடைத்து முடித்ததும் குனிந்து ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்கள். சிலிண்டர் பால்கனிக்குப் போனதும் முதலில் போவது இந்தப் பழக்கம்தான். மழை பெய்கிறது, கதவு பூட்டியாகிவிட்டது, உள்ளே வால்வு இருக்கிறதே, அது போதும் என்று தோன்றும்.

உள் வால்வு அடுப்பையும் அதற்கு முன் உள்ள டியூபையும்தான் காக்கும். பால்கனி டியூப், செம்புக் குழாய், அதன் இணைப்புகள் எல்லாவற்றிலும் இரவு முழுவதும் கேஸ் நிற்கும். ஆகவே இரவில் இரண்டையும் மூடுங்கள். ஊருக்குப் போகும்போது ரெகுலேட்டரையே கழற்றி, சிலிண்டரின் பாதுகாப்பு மூடியைப் போட்டுவிடுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றினால் சிலிண்டர் வால்வு தானே மூடிக்கொள்ளும். மூடி அதற்கு மேல் ஒரு காவல். அதனால் நூலில் தொங்கும் அந்த மூடியை வெட்டி எறியாதீர்கள்.

கசிவு பார்ப்பதற்குச் சோப்பு நீர் போதும். அடுப்புக் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் எந்த வீட்டிலாவது இன்னும் இருந்தால், இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

வாசனை வந்தால்

எல்பிஜிக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற துர்நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால்:

எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். போடுவது மட்டுமல்ல, அணைப்பதும் கூடாது, இரண்டிலும் பொறி வரும். எக்ஸாஸ்ட் ஃபேனும் கூடாது. பூஜை விளக்கு எரிந்தால் அணைத்துவிடுங்கள். முடிந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். லிஃப்ட் வேண்டாம், படிக்கட்டில் இறங்குங்கள். காலிங் பெல்லை அழுத்தாமல் கதவைத் தட்டிக் கீழ் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். கட்டடத்துக்கு வெளியே வந்த பிறகு 1906 எண்ணுக்கு அழையுங்கள். எல்பிஜி கசிவுக்கான அவசர எண் அது, 24 மணி நேரமும் உண்டு. உங்கள் வீட்டு மின் இணைப்பைக் கீழே மீட்டர் அறையில் துண்டிக்கும்படி செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள்.

அனுமதிக்கான நிபந்தனைகள்

நிர்வாகக் குழு அனுமதி மறுக்க நினைக்கவில்லை. கீழே உள்ளவை இருந்தால் கையெழுத்து உடனே கிடைக்கும்:

• துளை போடும் இடத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும். தூண், பீம் ஆகியவற்றில் துளை கிடையாது. சுவருக்குள் மின் வயர் ஓடுகிறதா என்று நம் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே டிரில் செய்யலாம்.

• வேலையைக் கேஸ் ஏஜென்சி அனுப்பும் மெக்கானிக் செய்ய வேண்டும். பில் நகலைச் சங்கத்தில் கொடுக்க வேண்டும்.

• பால்கனியில் தரை மட்டத்தில் நிரந்தரத் திறப்பு இருக்க வேண்டும். பிறகு ஜன்னல் போட்டு மூடினால் சிலிண்டர் அங்கே இருக்கக் கூடாது.

• பிளக் பாயின்டும் ஸ்விட்சும் சிலிண்டரை ஒட்டி இருக்கக் கூடாது. பக்கத்தில் உள்ள ஜாலியைக் காயவிடக் கூடாது.

• வீட்டை வாடகைக்கு விட்டால், குடிவருபவரிடம் இரண்டு வால்வுகளையும் நேரில் காட்டி, திறந்து மூடச் சொல்லிப் பார்க்க வேண்டும். சாவி கொடுக்கிற அன்றே இது முடிய வேண்டும்.

இனி எவராவது உங்கள் வீட்டில் கேஸ் இணைப்பை மாற்றித் தருகிறேன் என்று வந்தால், வேலையை ஆரம்பிக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "இது ரெகுலேட்டருக்கு முன்னாலா, பின்னாலா? கசிந்தால் கேஸ் எங்கே போகும்?" இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொன்னால் டிரில்லை எடுக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் ஒரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பிவைத்துவிட்டு ஏஜென்சிக்குப் போன் செய்யுங்கள்.

உரைக்குப் பிறகு சோப்பு நீர்ச் சோதனையை இங்கேயே செய்து காட்டுகிறேன். விருப்பமுள்ளவர்கள் அருகில் வந்து பாருங்கள்.